முழங்காலும் நிறமும்

வைத்தியத் துறையில் வழங்கும் சில சொற்கள் நோயாளிக்கு ஒரு பொருளும் வைத்தியருக்கு வேறொரு பொருளும் தருவன. 'அவசரமற்ற அறுவைச் சிகிச்சை' என்பது அவற்றுள் ஒன்று. இன்றோ நாளையோ செய்யாவிட்டால் உயிர் போய்விடாது என்பதை மட்டுமே வைத்தியர் இச்சொல்லால் குறிக்கிறார். ஆனால், இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் வலியால் விழித்துக்கொள்ளும் ஒருவரிடம், மாடிப்படியில் படிக்குப் படி நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் ஒருவரிடம், 'உங்கள் சிகிச்சைக்கு அவசரமில்லை' என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லியிருக்கிறேன். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு மூட்டுப் பிரிவில் இளநிலை வைத்தியனாக இருந்தபோது, இரண்டு நாள் முழுவதும் தொலைபேசியின்முன் அமர்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் பேசியவர்களுள் ஓர் அம்மாளைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அறுபத்தாறு வயது, கறுப்பினத்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்துவந்தார். வலது முழங்கால் மூட்டை மாற்றுவதற்கு மார்ச் 24, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்திருந்தோம். அந்த நாளை அடைவதற்கு அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாள் தள்ளிப்போயிற்று என்று நான் கூறியதும், அவர் கோபிக்கவில்லை. "எவ்வளவு காலத்துக்கு, டாக்டர்?" என்று கேட்டார். "சில வாரங்களுக்கு" என்றேன். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "எங்களுக்குச் சில வாரம் என்பது எப்போதும் நீளமானது" என்றார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அது விளங்கவேண்டுமானால் முதலில் மூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயதினாலும், உடற்பாரத்தினாலும், பழைய அடியினாலும் அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உராய்கிறது. தைலமும் ஒத்தடமும் மாத்திரையும் தேகப் பயிற்சியும் ஓர் எல்லை வரையில்தான் துணைசெய்யும். அந்த எல்லை கடந்தபின் உள்ள வழி, தேய்ந்த முனைகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, உலோகக் கவசங்களைப் பொருத்தி, அவற்றுக்கு இடையே பாலிதீன் தகடு ஒன்றை வைத்துவிடுவது. கேட்பதற்குத் தச்சு வேலைபோல் இருக்கிறது; பெரிதும் தச்சு வேலைதான்.

இவ்வழியைத் திறந்துவிட்டவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேயர். வட இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் என்னும் பொருளைக் கிண்ணமாகக் கடைந்து வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து பொடியாகி, சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கியது. அவர் தம் பிழையை மறைக்கவில்லை. அந்நோயாளிகளை மறுபடியும் வரவழைத்து, வைத்ததை எடுத்தார். அதோடு நில்லாமல், அப்பொருளின் துகள்களையும், அதற்கு மாற்றாகக் கருதிய பாலிதீனின் துகள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு எது கெடுதல் செய்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் பாலிதீன் கிண்ணம் வைத்து அவர் தொடங்கிய சிகிச்சையே இன்று உலகெங்கும் நடைபெறும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு மூலம். முழங்கால் மூட்டு 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சால் முதலியோர் கையில் செம்மை பெற்றது. கொள்ளைநோய் வருவதற்கு முந்திய ஆண்டுகளில், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மூட்டுகள் மாற்றப்பட்டு வந்தன.

யாருக்கு மாற்றப்பட்டன என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் அறுபத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கு 'மெடிகேர்' என்ற சர்க்கார் காப்புறுதி உண்டு. 1965-இல் சட்டமாகி, 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தென் மாநிலங்களின் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கறுப்பருக்குத் தனி விடுதி. சிலவற்றில் இடமே இல்லை. நிறம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று சர்க்கார் சொன்னவுடன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் சில மாதங்களுக்குள் கதவைத் திறந்துவிட்டன. உபதேசத்தால் ஆகாதது பணப்பையால் ஆயிற்று. காப்புறுதி ஒன்று, கதவு ஒன்று என்று ஆனபின் சிகிச்சையும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?

இருக்கவில்லை. 1998 முதல் 2000 வரையில் மெடிகேர் கணக்கேடுகளை ஆராய்ந்து, டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஜோனதன் ஸ்கின்னர் முதலியோர் 2003-இல் வெளியிட்ட விவரம் இது. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், வெள்ளை ஆடவரில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 4.82, கறுப்பு ஆடவரில் 1.84. பாதிகூட இல்லை. பெண்களிடையே வித்தியாசம் குறைவு, 5.97-க்கு 4.84. கறுப்பருக்கு மூட்டு நல்ல நிலையில் இருந்ததுதான் காரணமோ என்றால், அதுவும் இல்லை. முழங்கால் தேய்மானம் அவர்களிடையே குறைவன்று. வலியும் முடக்கமும் கூடுதல் என்றே ஆராய்ச்சிகள் கூறுகின்றன. காலம் செல்லச் செல்ல இடைவெளி குறையும் என்று நம்பியவர்களுக்கும் ஏமாற்றமே காத்திருந்தது. 1991-இல் கறுப்பர் பெற்ற முழங்கால் சிகிச்சை வெள்ளையரைவிட நூற்றுக்கு 36 குறைவு. 2008-இல் நூற்றுக்கு 40 குறைவு. இரு சாராருக்கும் சிகிச்சை இரு மடங்காகப் பெருகியது. இடைவெளி மட்டும் கூடவே பெருகி வந்தது.

இதற்குக் காரணம் கேட்டால், பலர் முதலில் நோயாளியின்மேல் விரலை நீட்டுவர். 'கறுப்பர்களுக்கு அறுவைச் சிகிச்சையில் நம்பிக்கை இல்லை. கத்தியைக் கண்டால் அஞ்சுகிறார்கள்' என்பர். அச்சம் உண்டு, அதற்கு வரலாறும் உண்டு. அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பர்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், பென்சிலின் வந்தபின்னும் அதைக் கொடுக்காமலும், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று சர்க்கார் வைத்தியர்களே வேடிக்கை பார்த்த நாட்டில், ஒரு கிழவர் வைத்தியரை நம்பத் தயங்கினால் அது மூட நம்பிக்கை ஆகாது. ஆனால் இந்தத் தயக்கம் கல்லில் எழுதியதும் அன்று. சயீத் இப்ராஹீம் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 2017-இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். முழங்கால் தேய்ந்த கறுப்பர் 336 பேரை இரண்டு சம பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இச்சிகிச்சையின் நன்மை தீமைகளை விளக்கும் ஒரு படத்தைக் காட்டினார்கள். ஓர் ஆண்டுக்குள் சிகிச்சை பெற்றவர்கள், படம் பாராதவர்களில் நூற்றுக்கு 7.7, பார்த்தவர்களில் 14.9. யாரோ உட்கார்ந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்பதுதானே இதன் பொருள்? சொல்லவேண்டியவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வைத்தியர் பக்கத்துக் குறையும் உண்டு. 2016-இல் வர்ஜீனியா சர்வகலாசாலையார் வெள்ளை மாணவர்களையும் இளநிலை வைத்தியர்களையும் கேட்டதில், ஏறக்குறையப் பாதிப்பேர், கறுப்பர் தோல் தடிப்பானது என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையேனும் உண்மை என்று ஒப்புக்கொண்டனர். அவ்வாறு நம்பியவர்கள், கறுப்பரின் வலியைக் குறைவாக மதிப்பிட்டனர்.

ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, மனிதர் மனத்தில் உள்ள பிழையைக் காட்டிலும், அளவுகோலில் உள்ள பிழையே. முழங்கால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்-ரே படத்தைப் பார்த்துப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடுவது எங்கள் வழக்கம். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் வைத்தியர்கள் 1957-இல் வகுத்த முறை அது. அக்காலத்தில் அவர்கள் முன் இருந்த படங்கள் வெள்ளையரான பிரிட்டிஷ் மக்களுடையவை. அவர்களைக் குறை கூற இதில் ஒன்றும் இல்லை. தம் ஊர் மக்களைப் பார்த்துத் தம் ஊருக்கு அளவு வகுத்தார்கள். அந்த அளவு கடல் கடந்து, அரை நூற்றாண்டு கடந்து, எல்லா முழங்காலுக்கும் படியளக்கும் மரக்காலாக ஆகிவிட்டது. அதன்படி குறைந்த மதிப்பெண் பெற்றவர், 'படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். என் நோயாளி அம்மாளும் முதல் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் திரும்பியவர்.

2021 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பல்லாயிரம் முழங்கால் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, வைத்தியரின் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொடுக்காமல், நோயாளி தாமே சொன்ன வலியின் அளவைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்றினார்கள். கறுப்பருக்கும் ஏனையோருக்கும் இடையேயுள்ள வலி வித்தியாசத்தில், பழைய மதிப்பெண் முறை விளக்க முடிந்தது நூற்றுக்கு 9 பங்கு. கணிப்பொறி அதே படங்களிலிருந்து விளக்கியது 43 பங்கு. அதாவது வலிக்குக் காரணமான ஏதோ ஒன்று படத்திலேயே இருந்தது. பார்க்கும் முறைதான் அதைக் காணவில்லை. எம்மா பியர்சன் தலைமையில் இதைச் செய்த ஐவரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற பொருளாதார அறிஞர். முழங்காலைப் பற்றி வைத்தியருக்குப் புத்தி சொல்லப் பொருளாதாரம் படித்தவர் வரவேண்டியிருந்தது என்று எங்கள் பிரிவில் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டோம்.

இந்நிலையில்தான் கொள்ளைநோய் வந்தது. 2020 மார்ச் 11-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மார்ச் 18-இல் மெடிகேர் நிர்வாகம், அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு நாடு முழுவதற்கும் சொல்லியது. சிகிச்சைகளை மூன்று படிகளாகப் பிரித்த அந்த அட்டவணையில், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று நடுப் படியில் இருந்தது. படுக்கைகளும், முகமூடிகளும், சுவாச யந்திரங்களும் தேவைப்பட்ட நேரம்; ஆணை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவில் நடந்த எல்லா வகை அறுவைச் சிகிச்சைகளும் சேர்ந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆணை வெள்ளையர், கறுப்பர் என்று பார்க்கவில்லை. நாளும் தேதியும் குறித்திருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு அடைபட்டது.

அதே வாரங்களில் நோய் மட்டும் நிறம் பார்த்ததுபோல் இருந்தது. சிகாகோ மக்களில் கறுப்பர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏப்ரல் முதல் வாரக் கணக்குப்படி, அந்நகரில் கோவிட் நோயால் இறந்தவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் அவர்களே. பஸ் ஓட்டுபவர், தபால் கொண்டுவருபவர், முதியோர் இல்லத்தில் சமைப்பவர் ஆகியோர் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்க முடியுமா?

மே மாதத்தில் கதவு மெல்லத் திறந்தது. திறந்த கதவுக்குள் யாரை முதலில் அழைப்பது? பட்டியலை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் விதிகள் எழுதினேன். ஒவ்வொன்றையும் சொல்கிறேன், நேயர்களே நியாயம் பாருங்கள். முதலாவது, சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், மிகுந்த உடற்பருமன் இல்லாதவர்கள் முன்னே. தொற்று ஏற்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். இரண்டாவது, சிகிச்சை செய்த அன்றே வீடு திரும்பக்கூடியவர்கள் முன்னே, படுக்கை மிச்சமாகும். மெடிகேர் இதற்கு முன்பே வழி விட்டிருந்தது. முழங்கால் சிகிச்சையை 2018 முதலும், இடுப்புச் சிகிச்சையை 2020 முதலும் ஆஸ்பத்திரியில் தங்காமலே செய்யலாம் என்று அனுமதித்திருந்தது. அன்றே வீடு திரும்பவேண்டுமானால், வீட்டில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஏற மாடிப்படி இருக்கக்கூடாது. மூன்றாவது, சிகிச்சைக்கு முன் தொற்றுப் பரிசோதனை. மோட்டாரில் வந்து, மோட்டாரில் உட்கார்ந்தபடியே மூக்கை நீட்டவேண்டும். மோட்டார் இல்லாதவர் நிற்க அங்கே இடம் வகுக்கப்படவில்லை. நான்காவது, சிகிச்சைக்கு முந்திய ஆலோசனை வீடியோ மூலம். ஐந்தாவது, மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் எடுக்காதவர் பெயரைப் பட்டியலின் அடிக்கு மாற்றுவது. நாங்கள் அழைத்தது காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை.

இவற்றுள் ஒன்றிலாவது 'நிறம்' என்ற சொல் இருக்கிறதா? இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. இன்றும் முதல் விதியை நான் முற்றிலும் தள்ளமாட்டேன். ஆனால் ஐந்து சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் சலித்தபோது, மேலே தங்கியவர்கள் யார், கீழே உதிர்ந்தவர்கள் யார் என்பதை நான் பார்க்கவில்லை. நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பழைய மாடிக் குடியிருப்புகள், இரவும் பகலும் மாறிமாறி வரும் வேலைமுறை, பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் போகவேண்டிய தொலைபேசி, பல தலைமுறை வறுமை உடம்பில் எழுதிவைத்த சர்க்கரை வியாதி ஆகிய எல்லாமே என் விதிகளுக்குள் சத்தமில்லாமல் நுழைந்திருந்தன.

செப்டம்பரில், எங்கள் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்த ஒரு செவிலியர் பட்டியலை என் மேஜைமேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, கடைசி நான்கு தாள்களைமட்டும் தனியே பிரித்து வைத்திருந்தார். பெயர்களைப் படித்தேன், முகவரிகளைப் படித்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அத்தாள்களில் மூன்றாவதில் என் நோயாளி அம்மாளின் பெயர், எதிரே என் கையெழுத்தில் 'மூன்று அழைப்பு, பதில் இல்லை' என்று இருந்தது.

தள்ளிவைத்தல் என்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நாள் குறித்தவரின் நாளைத்தான் தள்ளிவைக்க முடியும். அவர் பெயர் ஒரு தாளில் இருக்கிறது. தாமதமானாலும் யாரேனும் ஒருநாள் அதைப் பார்ப்பார்கள். குடும்ப வைத்தியரிடம் இன்னும் போகாதவர், போயும் எலும்பு வைத்தியருக்குச் சீட்டுப் பெறாதவர், சீட்டுப் பெற்றும் படத்தில் மதிப்பெண் குறைந்ததால் திரும்பியவர் ஆகியோரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவர்களுக்கு எதுவும் தள்ளிவைக்கப்படவில்லை என்று கணக்கு சொல்லும். கறுப்பர் நெடுங்காலமாக அதிகம் நின்றது அந்தக் கணக்கில் வராத வரிசையில்தான். கொள்ளைநோய்க் காலத்தில் சாதாரண வைத்திய ஆலோசனைகளும் குறைந்துபோனபடியால் அந்த வரிசை அங்கேயே நின்றுவிட்டது. காத்திருக்கும் காலத்தில் முழங்காலும் சும்மா இருப்பதில்லை. தொடைத் தசை மெலிகிறது, கால் வளைகிறது, நடை குறைவதால் உடல் பருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. அப்புறம் அந்தப் பருமனையும் சர்க்கரையையும் காட்டி, 'இவற்றைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்' என்கிறோம். பல ஆஸ்பத்திரிகளில் உடற்பருமக் குறியீடு நாற்பதைத் தாண்டினால் மூட்டு மாற்றுவதே இல்லை.

விதிகளில் சிலவற்றை மாற்றினோம். மாலையிலும் சனிக்கிழமையிலும் அழைத்தோம். வீடியோ இல்லாதவருடன் வெறும் தொலைபேசியிலேயே பேசினோம். பரிசோதனைக்கு வர வண்டி அனுப்ப ஏற்பாடாயிற்று. மாடிப்படி உள்ளவருக்கு ஓரிரவு படுக்கை கொடுக்க மேலதிகாரிகளிடம் வாதாடவேண்டியிருந்தது. அதில் பாதிதான் வென்றோம்.

அந்த அம்மாளை நான் ஒரு சனிக்கிழமை மாலை அழைத்தேன். முதல் அழைப்பிலேயே எடுத்தார். மூன்று முறை அழைத்ததாக நான் சொன்னதைக் கேட்டு, "நான்கு முறை நானும் அழைத்தேன், டாக்டர். இசைதான் கேட்டுக்கொண்டிருந்தது" என்றார். அவர் வேலைபார்த்த இல்லத்தில் பலர் இறந்துபோயிருந்தார்கள். அவரும் நோய் கண்டு பிழைத்திருந்தார். 2021 பிப்ரவரியில் அவருக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். பதினோரு மாதங்கள் முழுப் பாரத்தையும் தாங்கிய இடது முழங்கால் அதற்குள் கெட்டுப்போயிருந்தது.

அதற்கும் நாள் குறிக்கவேண்டியதாயிற்று. குறித்தபோது அவருடைய எண்ணோடு அவர் அக்காள் மகளின் எண்ணையும், சமையற்கூடத்து மேற்பார்வையாளரின் எண்ணையும், எந்நேரத்தில் அழைத்தால் கிடைப்பார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்து, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஓரிடத்தில் நான் ஏழு என்று எழுதியிருந்ததை ஒன்று என்று திருத்திக் கொடுத்தார்.